குச்சி முனையைப் பாருங்கள்

ஜூன் 11, புதன்

தினமும் எழுத வேண்டுமாம், யாரும் வாங்கிப் பார்க்க மாட்டார்களாம். எழுதுகிறேன். சோறு போடுகிறவர்கள் சொன்னால் கும்மியும் அடிக்கத்தானே வேண்டும்.

எனக்கு மண்டையில் கோளாறு என்று ஆபீஸே ஒத்துக்கொண்டுவிட்டது. வசந்தாமணி கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வருவதுதான். ரொம்பச் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பருப்பு தாளிக்கிறாள்.

விஷயம் இவ்வளவுதான். நான் ரயில் ஓட்டுகிறவன். இப்போது லோகோ பைலட் என்று பெயரை மாற்றிவிட்டார்கள், டிரைவர் என்றால் மட்டமாம். போன மாதம் சங்ககிரிக்கு இந்தப் பக்கம் ஒருவன் என் வண்டிக்கு முன்னால் வந்து விழுந்து செத்தான். இந்த வேலையில் இது என்ன புதுசா? டியூட்டிக்குக் கையெழுத்துப் போடுகிற எங்கள் ஈரோட்டு லாபியில் எந்த டிரைவரைக் கேட்டாலும் விரலை மடக்கிச் சொல்லுவார். எனக்கும் முன்னால் நடந்திருக்கிறது. ஓய்வு கொடுத்தார்கள். தின்றேன், தூங்கினேன், திரும்பப் போனேன். அப்புறம் ஒரு நாள் பாதையோரம் பாலிதீன் பை பறந்ததற்கு எமர்ஜென்சி பிரேக் போட்டுவிட்டேன். இன்னொரு நாள் ஒன்றுமே இல்லாததற்குப் போட்டேன். ஜாக்கிரதையாக இருந்தால் அதற்குப் பெயர் கோளாறு.

அதனால் ஒரு கவுன்சலிங் அம்மாவிடம் அனுப்பியிருக்கிறார்கள். ஆள் சரியாக இருக்கிறான் என்று அவள் எழுதிக் கொடுத்தால்தான் மறுபடியும் எஞ்சினில் ஏறலாம். எழுதாவிட்டால் ரிட்டயர் ஆகும் வரை லாபியில் உட்கார்ந்து, டியூட்டிக்கு வருகிறவன் குடித்திருக்கிறானா என்று பார்க்கிற குழாயை வாய்க்கு வாய் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். "ஊதுங்க, நல்லா ஊதுங்க." தேரோட்டத்தில் பலூன் விற்கிறவன் பிழைப்புகூட இதைவிட மேல். அவன் கையில் பலூனாவது இருக்கும்.

அந்த அம்மா பெயர் ஜெசிந்தா. பல் டாக்டருக்கு மாடியில் இருக்கிறாள். கீழே பல்லைப் பிடுங்குகிறார்கள், மேலே மனசைப் பிடுங்குகிறார்கள். எங்கள் பெண்ணைவிட நாலைந்து வயசு கூட இருக்கலாம். அறையில் பிளாஸ்டிக் செடி ஒன்று. அதற்குத் தண்ணீர் ஊற்றிய கறை வேறு.

"சென்னியப்பன் சார், நம்ம கண்ணு எந்தப் பக்கம் பார்க்குதோ அதுக்கும் மனசுல தங்கிப்போன விஷயத்துக்கும் தொடர்பு இருக்கு. அந்த இடத்தைக் கண்டுபிடிச்சு அங்கேயே பார்த்துட்டு இருந்தா, உள்ள இறுகிக் கிடக்கறது தானா இளகும்."

"மலச்சிக்கலுக்கும் இதே வைத்தியமுங்களா?" என்று கேட்டேன்.

சிரித்தாள். சிரிக்கட்டும். ஒரு குச்சி வைத்திருக்கிறாள். பழைய ரேடியோ ஏரியல் மாதிரி இழுத்தால் நீளும், முனையில் சிவப்புக் குமிழ். காதில் ஒரு ஹெட்போன் மாட்டிவிட்டாள். தண்ணீர் ஓடுகிற சத்தம் வலது காதிலிருந்து இடது காதுக்கும், இடதிலிருந்து வலதுக்கும் போய்ப் போய் வருகிறது. குச்சி முனையைப் பாருங்கள், அந்த நாளை நினைத்துக்கொள்ளுங்கள், உடம்பில் எங்கே என்ன ஆகிறதோ சொல்லுங்கள் என்றாள். வலப்பக்கத்திலிருந்து நத்தை மாதிரி நகர்த்திக்கொண்டே வந்தாள். என் பெரியப்பா சந்தைக்கு மாடு பிடிக்கப் போனால் இப்படித்தான் மாட்டின் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டுவார். அவர் மாட்டிடம் ஃபீஸ் வாங்கியதில்லை.

குச்சி நடுவைத் தாண்டி இடப்பக்கம் போய்க் கீழே இறங்கியபோது தொண்டை வறண்டது. ஏசிக் காற்று. தண்ணீர் கேட்டேன்.

"அங்க ஏதாவது தோணுச்சா சார்?"

"தாகம் தோணுச்சுங்."

ஜூன் 12, வியாழன்

ரேஷனில் துவரம்பருப்பு போட்டான். கல் பாதி. பொறுக்கிக் கொடுத்தேன். தாம்பாளத்தில் ஒரு பக்கம் முழுக்கப் பொறுக்காமல் விட்டிருக்கிறேன் என்று வசந்தாமணி சண்டை. வேலைக்குப் போகாத ஆம்பளை பருப்புப் பொறுக்கினாலும் குற்றம்.

ஜூன் 16, திங்கள்

மாடி. குச்சி. தண்ணீர் சத்தம்.

முன்னால் ஒரு டிஷ்யூ பெட்டி. வெற்றிலைத் தட்டை நகர்த்துகிற மாதிரி என் பக்கம் நகர்த்தி வைக்கிறாள். வந்தவன் அழுதே தீர வேண்டும், அழாமல் போனால் கடைக்கு அவமானம்.

இந்த வித்தையின் சூட்சுமம் எனக்கு இன்று பிடிபட்டுவிட்டது. குச்சி நகரும்போது அவள் குச்சியைப் பார்ப்பதில்லை, என் முகத்தைப் பார்க்கிறாள். எங்கே இமை அடிக்கிறது, எங்கே எச்சில் விழுங்குகிறேன் என்று பார்த்து, "இங்க நிக்கலாமா சார்?" என்கிறாள். அவ்வளவுதான் படிப்பு. கிளி ஜோசியக்காரன் கிளியையும் சேர்த்துக் காப்பாற்றுகிறான்.

இமைக்காமல் ஒரே இடத்தைப் பார்க்க எனக்கு இவள் சொல்லித் தர வேண்டுமா? வெயிலில் தண்டவாளம் கண்ணைக் கூச வைக்கும்போது பார்த்துக்கொண்டே போகிறவன் நான். அவளுக்கு ஓர் இடம்தானே வேண்டும், கொடுத்துவிட்டால் போகிறது. அடுத்த தடவை கொடுக்கிறேன்.

ஜூன் 18, புதன்

வண்டியை வெளியே எடுக்கும்போது ஸ்கூட்டரின் இடது கண்ணாடி கேட் தூணில் இடித்து உடைந்தது. தூணைக் கட்டிய கொத்தனார் ஒரு மடையன். இத்தனை வருஷம் இடிக்காத தூண் இப்போது எப்படி இடிக்கும் என்று வசந்தாமணி கேட்கிறாள். தூண் சாய்ந்திருக்கும். மண் இளகியிருக்கும். இவளுக்கு எஞ்சினியரிங் தெரியுமா?

ஜூன் 23, திங்கள்

கொடுத்தேன்.

குச்சி வலப்பக்கம் மேலே, ஏசிக் குழாய் சுவருக்குள் போகிற இடத்துக்கு நேராக வந்ததும் இமையை இரண்டு தடவை அடித்தேன், எச்சில் விழுங்கினேன். டக்கென்று நிறுத்தினாள். தூண்டிலில் மீன் மாட்டியவள் மாதிரி முகத்தில் ஒரு வெளிச்சம்.

"இங்கயா சார்?"

"ஆமாங். நெஞ்சு அடைக்குதுங்."

அப்புறம் கதையை எடுத்துவிட்டேன். நான் சின்னப் பையனாக இருக்கும்போது அப்பா செத்துப்போனார், கட்டிலில் கிடந்த அவரைப் பார்க்கப் பயந்துகொண்டு உத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், அதனால்தான் மேலே பார்த்தால் அடைக்கிறது என்றேன். அப்பா காங்கேயத்தில் சௌக்கியமாக இருக்கிறார். போன வாரம்கூட ஆட்டுக்கறிக்கு உப்புப் பத்தவில்லை என்று என் தம்பி பெண்டாட்டியோடு மல்லுக்கு நின்றார்.

அழுதும் காட்டினேன். முதலில் வரவில்லை. மூச்சைப் பிடித்து முக்கினேன். அப்புறம் வந்தது. வந்தது நிற்கவில்லை. பெட்டியில் பாதி டிஷ்யூ காலி. படியிறங்கி, பல் டாக்டர் வாசலில் உட்கார்ந்திருந்த சனமெல்லாம் பார்க்கப் பார்க்க, ஸ்கூட்டர் பக்கம் போகும்வரை வந்துகொண்டே இருந்தது. நடிப்பென்றால் அப்படியிருக்க வேண்டும். நான் சினிமாவுக்குப் போயிருக்கலாம்.

ஜூன் 27, வெள்ளி

வசந்தாமணியின் சித்தப்பா பேத்திக்குக் கல்யாணம், பெருந்துறையில். மண்டபம் அரண்மனை மாதிரி, சாப்பாடு தண்டம். என் இலைக்கு உப்பும் வைக்கவில்லை, ஊறுகாயும் வைக்கவில்லை. பரிமாறின ஆளைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டேன். அவன் என் இலையைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான், வசந்தாமணியைப் பார்க்கிறான்.

"இலை ஓரத்துலயே இருக்குதுங்," என்றாள் அவள் மெதுவாக.

இடது ஓரத்தில் இருந்தது. உப்பு, ஊறுகாய், அப்பளம், எல்லாம். நான் கத்தின பிறகு வைத்திருக்கிறான். அவனுக்கு வக்காலத்து வாங்குகிறாள் இவள்.

ஜூலை 1, செவ்வாய்

சோபாவைத் திருப்பிப் போட்டேன். இடது கைப்பக்கம் சுவர் வருகிற மாதிரி. இதுதான் காற்றுக்கு நல்லது.

"டிவி அந்தப் பக்கமல்லங் இருக்குது?"

"டிவியையும் திருப்பு."

ஜூலை 5, சனி

இர்ஷாத் வந்தான். அன்று எஞ்சினில் எனக்கு அசிஸ்டென்டாக இருந்தவன். ரெண்டு குழந்தைக்குத் தகப்பன், நிதானமான ஆள், ஆனால் வாய் ஓயாது. பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்தான், சீக்காளியைப் பார்க்க வருகிற மாதிரி.

எங்கள் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன் (யார் படிக்கப்போகிறார்கள்?). டிரைவர் இடப்பக்கம், அசிஸ்டென்ட் வலப்பக்கம். சிக்னல் பெரும்பாலும் பாதைக்கு இடப்பக்கம்தான் இருக்கும். அசிஸ்டென்ட் பார்த்து "பச்சை" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், டிரைவரும் பார்த்து "பச்சை" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு வாய், நாலு கண். ஒருத்தன் தப்புவிட்டாலும் இன்னொருத்தன் பிடிப்பான் என்று ஏற்பாடு. வெளியாள் கேட்டால் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருக்கும்.

"அண்ணா, நான் அன்னிக்குக் கண்ண மூடிட்டனுங்ணா. கடைசியில பாக்க முடியல. நீங்க மூடல."

"மூடினா எப்படி பிரேக் போடறது?"

"அதில்லீங்ணா. அதுக்கு முன்னாடி நீங்க எதுக்கோ கையத் தூக்குனீங்க. நான் அந்தப் பக்கம் மீட்டர் பார்த்துட்டு இருந்தேன், சரியாத் தெரியல. ஏதாச்சும் சொல்ல வந்தீங்களா?"

"வேர்வை தொடச்சேன்."

"ஓ."

"பழத்த எடுத்துட்டுப் போ, உங்க பிள்ளைங்களுக்குக் கொடு. நான் என்ன ஆஸ்பத்திரியிலயா கெடக்கறேன்?"

நான் போட்ட சத்தத்தில் டீயைக் கூடக் குடிக்காமல் போய்விட்டான். வசந்தாமணி அந்த டீயைக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றினாள். டம்ளரைக் கழுவின சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஜூலை 7, திங்கள்

மாடி. வலப்பக்கம் மேலே. ஏசிக் குழாயில் ஒரு பல்லி குடியிருக்கிறது. அதைப் பார்த்தபடி அப்பாவின் சாவுக்குப் பந்தல், பறை, பங்காளிச் சண்டை எல்லாம் சேர்த்தேன். அவள் கண்ணே கலங்கிவிட்டது. படித்தவர்களை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம். ஒரு புத்தகத்தில் இப்படி நடக்கும் என்று எழுதியிருந்தால் போதும், அப்படியே நடந்து காட்டினால் காலில் விழுந்துவிடுவார்கள்.

ஒரே ஒரு தடவை, "எதுக்கும் இந்தப் பக்கமும் ஒரு முறை பார்த்துடலாமா" என்று குச்சியை இடப்பக்கம் கொண்டுபோனாள். எனக்கு இருமல் வந்தது. பாத்ரூம் போய்விட்டு வந்தேன். நேரம் முடிந்துவிட்டது.

ஜூலை 10, வியாழன்

சவரம் செய்யும்போது இடது கன்னத்தை விட்டுவிட்டேனாம். பாதி தாடியோடு கடைத்தெரு வரை போய் வந்திருக்கிறேன். ஒருத்தனும் சொல்லவில்லை. ஊரே அப்படி.

ஜூலை 17, வியாழன்

ஜெயித்தேன்!

"உங்ககிட்ட நல்ல முன்னேற்றம் சார். முதல்ல வந்தப்ப இருந்த இறுக்கம் இப்ப இல்ல. நான் ஃபிட்டுன்னு எழுதித் தரேன். ஆனா மாசத்துக்கு ஒருமுறை வந்துட்டுப் போங்க."

வருவேன் வருவேன். தலையில் கொம்பு முளைத்ததும் வருவேன்.

வெளியே வந்து பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயும் சாப்பிட்டேன். ஒரு ஏரியல் குச்சி, ஒரு டேப், ஒரு பிளாஸ்டிக் செடி. இதை வைத்துக்கொண்டு சனங்களின் துக்கத்தைத் தீர்க்கிறார்களாம். என்னை மாதிரி விவரமானவன் ஒருத்தன் வந்தால் கடை இவ்வளவுதான். அவளைப் பார்த்தால் பாவமாகக்கூட இருந்தது.

வசந்தாமணியிடம் காகிதத்தைக் காட்டினேன். வாங்கிப் படித்தாள். சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். பிறகு, "நெசமாவே நல்லாயிடுச்சுங்களா?" என்று கேட்டாள். கவர்மென்ட் நம்பினாலும் இவள் நம்ப மாட்டாள்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. பவானி கூடுதுறைக்கு வசந்தாமணியை அழைத்துப் போனேன். அவள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் திதி. கூட்டம், சேறு, எள்ளுப் பொட்டலத்துக்கு ஒரு விலை, வாழைக்காய்க்கு ஒரு விலை. செத்தவர்களை வைத்து உயிரோடிருக்கிறவன் கல்லா கட்டுகிற ஊர்.

எல்லாம் முடிந்து படியில் உட்கார்ந்திருந்தோம். அவள் கையில் ஒரு அகல் மிச்சமிருந்தது.

"அந்த மனுசனுக்கும் ஒண்ணு விட்டுடறனுங். யாரு பெத்த பிள்ளையோ. பேரு என்னுங்?"

"குருநாதன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பெயர் தெரியாது, தெரிந்து என்ன ஆகப்போகிறது என்றுதான் இரண்டு மாதமாக அவளிடம் சொல்லி வந்திருக்கிறேன். போலீஸ்காரன் எழுதும்போது காதில் விழுந்திருக்கும். காதை என்ன அடைத்தா வைக்க முடியும்?

விளக்கை விட்டாள். தண்ணீர் அதை இடப்பக்கமாக இழுத்துப் போனதாம், வெகுதூரம் அணையாமல் போனதாம். நான் பார்க்கவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

நாளை டியூட்டி. கூட்ஸ் வண்டிதான் கொடுத்திருக்கிறார்கள், கொஞ்ச நாளைக்கு. இர்ஷாத்தும் நானும். பையில் டார்ச், கொடி, சாப்பாடு. புளிசாதம் கட்டச் சொன்னேன்.

ஜூலை 28, திங்கள்

போய் வந்தேன். சிக்னல் எல்லாம் சரியாகச் சொன்னேன்.

ஜூலை 31, வியாழன்

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

இன்று மத்தியானம் நிலக்கரி வண்டி. போய்க்கொண்டிருக்கும்போது, உள்ளே ஏதோ சத்தம் மாறுகிறது, மெஷின் ரூமைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இர்ஷாத் பின்பக்கம் போனான். நான் தனியாக இருந்தேன். வெயில். இடப்பக்கம் ஒரு சிக்னல் வந்தது. டிஸ்டன்ட். அடுத்த சிக்னல் எப்படியிருக்கும் என்று முன்கூட்டிச் சொல்கிற சிக்னல் அது. நான் "பச்சை" என்று சத்தமாகச் சொன்னேன்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது, நான் அதைப் பார்க்கவே இல்லை.

வண்டி அதைத் தாண்டிவிட்டது. அப்போதுதான் யோசித்தேன். திங்களன்றும் நான் எதையும் பார்க்கவில்லை. அதற்கு மறுநாளும் பார்க்கவில்லை. இர்ஷாத் பச்சை என்றான், நான் பச்சை என்றேன். அவன் மஞ்சள் என்றான், நான் மஞ்சள் என்றேன். நாலு கண் என்று பேர். இருந்தது இரண்டு. இன்று அந்த இரண்டும் மெஷின் ரூமில் இருந்தது.

அடுத்த சிக்னலையாவது பார்த்தே தீர்வது என்று தலையைத் திருப்பினேன். தலை திரும்புகிறது, கண் வரமாட்டேன் என்கிறது. வலப்பக்கத் தண்டவாளத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அடித்துக்கூடப் பார்த்தேன், என் கன்னத்தில் நானே. வரவில்லை. பிரேக்கில் கையை வைத்தேன்.

கதவைத் திறந்துகொண்டு இர்ஷாத் வந்தான். முன்னால் பார்த்தான்.

"அண்ணா, சிவப்பு! சிவப்புங்ணா!"

அழுத்தினேன். நிலக்கரி வண்டி அவ்வளவு சீக்கிரம் நிற்காது. நின்றது. கம்பத்துக்கு முன்னாலேயே நின்றது. அதற்கு அப்பால் ரயில்வே கேட். கேட் திறந்திருந்தது. ஆளும் வண்டியும் கடந்து போய்க்கொண்டிருந்ததை எஞ்சினிலிருந்தே பார்க்க முடிந்தது. ஒரு காலேஜ் பஸ்.

சிக்னல் மாறும்வரை அப்படியே நின்றோம். அப்புறம் இர்ஷாத் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"டிஸ்டன்ட் மஞ்சளாத்தான இருந்திருக்கும்ணா?"

"தெரியலடா."

"பாக்கலீங்களா?"

"பாக்கலடா."

"நின்னுடுச்சில்ல. யாருக்கும் தெரியாது. நான் சொல்ல மாட்டனுங்ணா," என்றான். நல்ல பையன். என்னை நம்பி இரண்டு குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டு வருகிறான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலையில் லாபிக்குப் போய், என்னால் எஞ்சின் ஓட்ட முடியாது என்று சொன்னேன். ஃபிட் சர்டிபிகேட் இருக்கிறதே என்றார்கள். அது நான் ஏமாற்றி வாங்கியது என்றேன். ஒரு மாதிரி பார்த்தார்கள். விசாரணை வரும், திரும்ப ஏற முடியுமா என்பது அப்புறம்தான் என்றார்கள். அதுவரை இங்கேயே உட்காருங்கள் என்று சொல்லி அந்தக் குழாயைக் கையில் கொடுத்தார்கள்.

மாலைக்குள் எத்தனையோ பேர் ஊதிவிட்டுப் போனார்கள். எனக்குப் பிறகு வேலையில் சேர்ந்தவன் ஒருத்தன், "என்னண்ணா, எறக்கிவிட்டுட்டாங்களா?" என்று கேட்டான். நானே இறங்கினேன் என்றேன். நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

வீட்டில் சொன்னபோது வசந்தாமணி என் இடப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் இடமில்லை, என் இடது காலோரம் தரையில்தான் உட்கார்ந்தாள். குரலை வைத்துத்தான் அவள் அங்கே இருக்கிறாள் என்று தெரிந்தது.

"ஸ்கூட்டர் கண்ணாடி ஒடஞ்சப்பவே தெரியுமுங். சொன்னா எரிஞ்சு விழுவீங்கன்னு இருந்துட்டேன்."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாடி.

நேராக விஷயத்துக்கு வந்தேன். "மேடம், எங்கப்பா சாகலீங். காங்கேயத்துல இருக்காரு. அந்த எடமும் பொய்யி, அழுகையும் பொய்யி." பிறகு நிலக்கரி வண்டியையும் சொன்னேன்.

இதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படிப் போகும் என்று ஒரு காலத்தில் நினைத்துப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இன்று பார்த்தேன். ரத்தம் வற்றிப்போய் உட்கார்ந்திருந்தார். பேனாவின் மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

"நான் ஃபிட்டுன்னு எழுதிக் கொடுத்தேன். நான்தான் எழுதிக் கொடுத்தேன். நான் கவனிச்சிருக்கணும். ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் வந்தா நீங்க தண்ணி கேட்டீங்க, இருமுனீங்க, எழுந்து போனீங்க. உங்க ஆபீஸ்ல இருந்து போன் வந்தப்பவே, என் தப்புன்னு நானும் என் ஆபீஸ்ல எழுதிட்டேன், சார். உங்களுக்கு என்னைப் பார்க்கப் பிடிக்கலைன்னா வேற ஒருத்தரைச் சொல்றேன்."

ஆக, என்னை மாதிரி அவரும் தானே போய்த் தப்பைச் சொல்லி, குழாயில் ஊதிவிட்டு வந்திருக்கிறார். இப்படியொரு மனுஷியை நான் கிளி ஜோசியக்காரன் என்று எழுதி வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"வேற யாரும் வேண்டாமுங். குச்சிய எடுங்க."

எடுத்தார். ஹெட்போன் வேண்டாம் என்றேன், சரி என்றார். எங்கே என்று கேட்டார்.

"இடப்பக்கமுங். கீழ."

கொண்டுபோனார். கண் வரவில்லை. ஏசிக் குழாய்க்கே ஓடியது. அவர் அவசரப்படவில்லை. குச்சியைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்து, கண் அதைப் பிடித்த பிறகு, மறுபடி மெல்ல நகர்த்தினார். பாதி வழியில் விட்டுவிட்டேன். மறுபடி நடுவிலிருந்து. மறுபடியும் விட்டேன். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. எத்தனையாவது தடவையோ தெரியவில்லை, கண் கூடவே போய், இறங்கி, நின்றுவிட்டது.

"என்ன தெரியுது சார்?"

வெள்ளைச் சட்டை. தலை படிய வாரியிருந்தது. சாப்பாட்டுப் பையை ஜல்லி மேல் ஓரமாக வைத்திருந்தார், கொட்டிவிடாமல். பாதையில் நிற்கவில்லை. தள்ளித்தான் நின்றார், வண்டி போகட்டும், அப்புறம் தாண்டலாம் என்று நிற்கிறவர்கள் மாதிரி. தினமும் நூறு பேர் அப்படி நிற்பார்கள். நான் வருவதைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"நானும் தூக்குனேன் மேடம்."

மேடம் குச்சியை அசைக்காமல் பிடித்திருந்தார்.

"எஞ்சின்ல ஏறுனா நான் எல்லாத்துக்கும் கை காட்டுவனுங். கேட்காரரு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க, ஆடு மேய்க்கறவங்க, யாரு தூக்குனாலும் தூக்குவேன். ஊட்டுல சொன்னா நம்ப மாட்டாங்க. அன்னிக்கு அவரப் பாத்துச் சிரிச்சேன். நல்லா, பல்லு தெரிய சிரிச்சேன். அப்புறந்தான் அவரு வந்தாரு."

"சார்..."

"எங்க வேலையில ஒருத்தரு கை தூக்கி, நாம திருப்பித் தூக்குனா ஒண்ணுதான் அர்த்தமுங். எல்லாம் சரியா இருக்குது, போலாம். அவரு ஏதோ கேட்டிருக்காரு. நான் போங்கன்னு சொல்லிட்டேன்."

இதை வாய் திறந்து சொன்னது இதுதான் முதல் தடவை. சொன்னதும் அந்த மனுஷர் கண்ணுக்கு முன்னால் இருந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. அங்கேயேதான் நிற்கிறார், தூக்கின கையோடு. குருநாதன். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் மாடு முட்டுகிற மாதிரி இருந்தது, ஆனால் கண் அங்கேயே இருந்தது.

"நீங்க போங்கன்னு சொல்லல. வணக்கம் சொன்னீங்க," என்றார் ஜெசிந்தா மேடம். பிறகு, "அவர் என்ன கேட்டார்ங்கறது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது," என்றார்.

அது எனக்குப் போதவில்லை. இது தீர்ந்துபோகும், பழையபடி ஆகிவிடுவேன் என்றெல்லாம் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கீழே பல் டாக்டர் கடையில் யாரோ குழந்தை வீறிட்டு அழுதது, ஓய்ந்தது. ஏசி நின்று திரும்ப ஓடியது. குச்சியை நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. முனையில் இருந்த சிவப்புக் குமிழ் லேசாக நடுங்க ஆரம்பித்தது.

"கை வலிக்குமுங் மேடம். எறக்கிக்கங்க."

"பரவாயில்ல. நீங்க பாருங்க."

பார்த்தேன்.